துடிப்பு வகுப்பியும் தாள எண்ணிக்கையும்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

இலத்திரனியல் இசைக்கருவிகளைப் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் ஒலியின் நிறத்தையும் சுருதியையும் சுற்றியே அமைகின்றன. அக்கருவிகள் காலத்தை எவ்வாறு எண்ணுகின்றன என்னும் வினா அத்துணை அக்கறையுடன் எழுப்பப்படுவதில்லை. ஆயின், இசைக்குரிய காலத்தை எண்ணும் முறை ஒவ்வொன்றும் ஒரு சமூகத்தின் நீண்டகாலப் பயிற்சியிலிருந்து உருவானதாகும். ஒரு கருவி எவ்வெண்களை எளிதில் எண்ணுகின்றது, எவற்றை எண்ண இடர்ப்படுகின்றது என்று நோக்குமிடத்து, அதனை ஆக்கியோர் எந்த இசையை மனத்திற் கொண்டிருந்தனர் என்பது புலப்படும். மொடியூலர் சிந்தசைசரில் இடம்பெறும் துடிப்பு வகுப்பி என்னும் சிறிய அலகை எடுத்துக்கொண்டு இதனை விளக்குவதும், அவ்வலகை நமது தாளங்களுக்கேற்பத் திருத்தியமைக்கும் வழிகளைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாராய்வுக்கு ஏற்ற களம் என்பது நமது கருத்து. தலதா மாளிகையின் முழவுகள், கோயில்களின் தவில், கர்நாடக இசை பயில்வோரின் மிருதங்கம், தோட்டங்களின் தப்பு ஆகிய நான்கும் சில மைல்களுக்குள் ஒலிக்கும் இடம் இது.

1. வகுப்பி என்பது யாது?

1960களின் நடுப்பகுதியில் ரொபேட் மூக், டொன் புக்லா ஆகிய இருவரும் அமெரிக்காவில் தனித்தனியே மொடியூலர் சிந்தசைசரை உருவாக்கினர். ஒலியை எழுப்பும் அலையாக்கி, ஒலியை வடிக்கும் வடிகட்டி, அதன் உரப்பை ஆளும் பெருக்கி என ஒவ்வொரு பணியும் தனித்தனி அலகாக அமைந்திருக்கும். வாசிப்பவர் அவற்றைக் கம்பிகளால் தாம் விரும்பியவாறு இணைத்துக்கொள்வார். அலகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி வோல்ற்றளவாகும்.

இவ்வலகுகளுள் ஒன்று சீரான இடைவெளியில் மின் துடிப்புகளை வெளியிடும். தாளம் போடும் கைக்கு ஒப்பானது அது. துடிப்பு வகுப்பி அத்துடிப்புகளை ஏற்று எண்ணி, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்றவாறு குறைந்த வேகமுள்ள துடிப்புகளை வெளியிடுகின்றது. ஒரே மூலத்திலிருந்து பிறந்தமையால் அவை யாவும் தம்முள் இசைவுடன் இயங்கும். ஒன்று முழவொலியையும், மற்றொன்று சுரமாற்றத்தையும், வேறொன்று ஆவர்த்தத்தின் தொடக்கத்தையும் ஆளலாம்.

எண்ணிக் குறைத்தல் என்னும் இத்தத்துவம் புதியதன்று. கண்டி நகரின் மத்தியில் 1950இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். எந்தக் கடிகார முகத்திலும் நிமிட முள் பன்னிரு முறை சுற்றி வரும்போது மணி முள் ஒரு முறை சுற்றுகின்றது. இது பல்சக்கரங்களாலாய வகுப்பியே. குவாட்ஸ் கைக்கடிகாரத்தில் இது மேலும் தெளிவாக விளங்கும். அதிலுள்ள பளிங்கு செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. 32,768 என்பது 2ஐப் பதினைந்து முறை தன்னாற் பெருக்கிப் பெறும் எண். எனவே பதினைந்து முறை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். 1969இல் செய்கோ நிறுவனம் வெளியிட்ட அஸ்ட்ரோன் கடிகாரம் 8,192 என்னும் மீடிறனைப் பதின்மூன்று முறை பாதியாக்கியது. மணிக்கட்டிற் கடிகாரம் அணிந்தோருட் பெரும்பாலோர் துடிப்பு வகுப்பி ஒன்றைச் சுமந்தே திரிகின்றனர் எனலாம்.

2. அமைக்கும் முறை

வகுப்பியின் அடிப்படை உறுப்பு பிளிப்-பிளொப் எனப்படும் சுற்றாகும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது நிலை மாறும். முதல் துடிப்பில் எழும், அடுத்ததில் விழும். ஆகவே இரு துடிப்புகளுக்கு ஒரு முறை மட்டுமே எழுகின்றது. இதனைச் சங்கிலியாகத் தொடுத்தால் 2, 4, 8, 16 என வகுத்துக்கொண்டே செல்லலாம். 4024 என்னும் தொகையிடு சுற்று இத்தகைய ஏழு படிகளைக் கொண்டு 128 வரையும், 4040 பன்னிரு படிகளைக் கொண்டு 4,096 வரையும் வகுக்கின்றன.

இரண்டின் அடுக்குகள் நமக்குப் போதா. 3, 5, 7, 9 ஆகியவற்றுக்கு 4017 என்னும் சுற்று மிகவும் உகந்தது. அதற்குப் பத்து வெளியீடுகள் உண்டு. 0 முதல் 9 வரை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொன்றாக அவை உயர்நிலை அடையும். துடிப்பு 14ஆம் முனையிற் புகும். 15ஆம் முனையை உயர்த்தினால் எண்ணிக்கை 0 நிலைக்கு மீளும். ஏழு வரை எண்ண வேண்டுமாயின் 7ஆம் வெளியீட்டை, அதாவது 6ஆம் முனையை, 15ஆம் முனையுடன் இணைக்க வேண்டும். ஐந்துக்கு 1ஆம் முனையையும், மூன்றுக்கு 7ஆம் முனையையும் அவ்வாறே இணைக்கலாம். ஓர் ஆளியால் இவ்விணைப்பை மாற்றத்தக்கதாகச் செய்தால் ஒரே அலகு பல தாளங்களுக்குப் பயன்படும். வெளியிலிருந்து மீளமைக்கும் துடிப்பையும் ஏற்க வேண்டுமெனில், அதனையும் எண்ணிக்கை முனையையும் தனித்தனி டயோட்டு வழியாக 15ஆம் முனைக்குக் கொண்டுவந்து, அம்முனையை 100 கிலோ ஓம் தடையால் நிலத்துடன் இணைத்தல் வேண்டும்.

திருத்தியமைக்கும்போது கவனிக்க வேண்டியன சில உள. இன்று பரவலாயுள்ள யூரோரக் முறை, ஜேர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் வெளியிட்ட ஏ-100 தொகுதியினை அடியொற்றியது. அது நேர், எதிர் 12 வோல்ற்றில் இயங்குகின்றது. அதன் துடிப்புகளோ பல வேளைகளில் 5 வோல்ற்றே உயரும். 12 வோல்ற்றில் இயங்கும் 4017, ஏறத்தாழ 8 வோல்ற்றுக்குக் குறைந்த உள்ளீட்டை உயர்நிலையென உறுதியாக ஏற்பதில்லை. எனவே உள்ளீட்டில் ஒரு திரான்சிற்றரை இடுதல் வேண்டும். அடிவாயில் 100 கிலோ ஓம், சேகரிப்பானில் 10 கிலோ ஓம் தடைகள் போதுமானவை. திரான்சிற்றர் துடிப்பைத் தலைகீழாக்கும். அதன்பின் 40106 என்னும் சிமிற் சுற்றின் ஒரு பகுதியை இட்டால், துடிப்பு மீண்டும் நேராவதுடன் விளிம்பும் கூர்மையடையும். கூர்மையற்ற விளிம்பை எண்ணி ஒரு துடிப்பை இரண்டாகக் கணக்கிடுதலே இத்தகைய சுற்றுகளிற் பெரிதும் காணப்படும் பிழை. ஒவ்வொரு தொகையிடு சுற்றுக்கும் அருகே 0.1 மைக்குரோபரட் கொள்ளளவி ஒன்றும், ஒவ்வொரு வெளியீட்டிலும் 1 கிலோ ஓம் தடையும் இருத்தல் வேண்டும். பயன்படாத உள்ளீடுகளை நிலத்துடன் இணைத்துவிட வேண்டும்.

இசை நோக்கில் முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. மீளமைத்தபின் 4024இன் முதல் வெளியீடு 1ஆம் துடிப்பிலும், இரண்டாவது 2ஆம் துடிப்பிலும், மூன்றாவது 4ஆம் துடிப்பிலும் எழுகின்றன. தாளம் அறிந்தோருக்கு இது ஒவ்வாது. காலம் எதுவாயினும் ஆவர்த்தத்தின் முதலடியில் யாவும் கூடுவதே முறை. வெளியீடுகளை 4049 போன்ற தலைகீழாக்கியின் வழியே செலுத்தினால் அவை ஒருங்கே எழும். எட்டாவது துடிப்பை அடுத்த ஆவர்த்தத்தின் முதலடியாகக் கொள்ளலாம். பொறியியலாளர் சுழியிலிருந்து எண்ணுகின்றார். முழவர் முதலடியிலிருந்து எண்ணுகின்றார். இவ்விரு வழக்குகளையும் இணைப்பதே திருத்தியமைத்தலின் முதற்பணி.

3. இருபத்து நான்கின் எல்லை

வகுப்பியால் வேகத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. இக்கூற்று எளியதாயினும் அதன் விளைவு பெரிது. கர்நாடக இசையில் எண்ணிக்கை இரு திசைகளில் நிகழ்கின்றது. அட்சரங்களைத் தொகுத்து ஆவர்த்தமாக்குதல் ஒன்று. ஆதி தாளத்தின் எட்டும், மிஸ்ர சாபுவின் ஏழும், கண்ட சாபுவின் ஐந்தும் இதன்பாற்படும். ஓர் அட்சரத்தை உள்ளே பகுத்தல் மற்றொன்று. இதுவே நடை. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9 என நடை ஐந்து. சுளாதி தாளங்கள் ஏழும் ஐந்து சாதிகளால் 35 ஆகி, ஐந்து நடைகளால் 175 ஆவதை இசை மாணவர் அறிவர். தொகுத்தலை 4017 எளிதில் நிறைவேற்றும். நடைக்கோ, அட்சரத்தைவிடப் பன்மடங்கு வேகமான மூலத்துடிப்பு முன்கூட்டியே தேவை.

1980களின் தொடக்கத்திற் பரவி, 1983இல் மிடி என்னும் பொது நியமத்திலும் இடம்பெற்ற வழக்கு ஓர் அடிக்கு 24 துடிப்புகள் என்பதாகும். 24 என்பது 2, 3, 4, 6, 8 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும். ஐரோப்பிய நடன இசைக்கும் அதன் வழிவந்த வெகுசன இசைக்கும் இது போதுமானது. ஆனால் 24ஐ 5, 7, 9 ஆகியவை வகுப்பதில்லை. கண்ட நடையை அத்துடிப்புகளின்மேல் அமைக்க முயன்றால் 5, 5, 4, 5, 5 எனச் சமனற்ற துண்டுகளே கிடைக்கும். மிஸ்ர நடை 3, 4, 3, 4, 3, 4, 3 எனத் தடுமாறும். நிமிடத்துக்கு 60 அடி என்னும் வேகத்தில் 24 துடிப்புகளுள் ஒன்றின் அளவு ஏறத்தாழ 42 மில்லிசெக்கன். தேர்ந்த செவி இப்பிழையை உடனே உணரும். கணினி நிரல்களில் வழங்கும் 480, 960 ஆகிய பகுப்புகள் ஐந்தால் வகுபடுவன. ஏழாலும் ஒன்பதாலும் வகுபடா. அங்கே துண்டுகள் மிகச் சிறியவையாதலால் பிழை செவிக்கு எட்டாது மறைந்துவிடுகின்றது.

இதனைத் திட்டமிட்ட புறக்கணிப்பு என நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆக்கியோர் தமக்குத் தெரிந்த இசையை அளவாகக் கொண்டனர். உற்பத்தி பெருகியபோது அவ்வளவு உலகுக்கே அளவாயிற்று. சந்தையின் வழியாகப் பரவும் நியமங்கள் யாவற்றிலும் இவ்வியல்பைக் காணலாம். நியமம் இயற்கை விதியன்று என்பதற்கு டோப்ஃபரின் ஏ-160 வரிசையே சான்று. அதன் முதல் வகுப்பி 2 முதல் 64 வரையான இரண்டின் அடுக்குகளையே வழங்கியது. பின்னர் வந்த ஏ-160-2, இரண்டின் அடுக்குகளுடன் 2 முதல் 8 வரையான முழுவெண்களையும், 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகிய பகா எண்களையும் தெரிவாகத் தருகின்றது.

தென்னாசியாவிலும் இத்துறை புதியதன்று. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் சிந்தசைசர் கொண்ட ஒலிக்கூடம் நிறுவப்பட்டது. பக்காவாஜ் பயின்றவரும், 1946இல் ஜோன் கேஜுக்கு இந்திய இசையை அறிமுகஞ் செய்தவருமான கீதா சாராபாய் அம்முயற்சியில் முக்கிய பங்கு வகித்தார். அங்கு 1969 முதல் 1972 வரை பதிவான ஆக்கங்கள் 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. 1970களின் இறுதியில் பெங்களூரின் ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனம் பின்னர் தாளக் கருவிகளையும் வெளியிட்டது. தேவையை உணர்ந்தவர் தாமே கருவியை ஆக்கிக்கொண்டமைக்கு இது நல்ல உதாரணம்.

4. ஐந்து நடைகளுக்கும் பொதுவான மூலம்

3, 4, 5, 7, 9 ஆகிய ஐந்தாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 1,260 ஆகும். ஆகவே ஓர் அட்சரத்துக்கு 1,260 துடிப்புகளை வெளியிடும் மூலம் இருப்பின், ஐந்து நடைகளையும் பிழையின்றிப் பெறலாம். மூலத்தை 420ஆல் வகுத்தால் திஸ்ரம், 315ஆல் வகுத்தால் சதுஸ்ரம், 252ஆல் வகுத்தால் கண்டம், 180ஆல் வகுத்தால் மிஸ்ரம், 140ஆல் வகுத்தால் சங்கீர்ணம் கிடைக்கும். இவ்வெண்கள் யாவும் பத்துக்கு மேற்படாத காரணிகளால் ஆனவை: 10, 7, 6 ஆகியவற்றின் பெருக்கம் 420, 9, 7, 5 ஆகியவற்றினது 315, 9, 7, 4 ஆகியவற்றினது 252, 10, 9, 2 ஆகியவற்றினது 180, 10, 7, 2 ஆகியவற்றினது 140. எனவே ஒவ்வொரு நடைக்கும் மூன்று 4017 சுற்றுகளைத் தொடராக இணைத்தாற் போதும். சதுஸ்ர வரிசையின் இறுதியில் மேலும் ஒன்றை இட்டு நான்கால் வகுத்தால் அட்சரமே வந்துவிடும். பதினாறு மலிவான சுற்றுகளில் ஐந்து நடைகளும் அடங்குகின்றன. சங்கீர்ணத்தை விடுத்தால் 420 துடிப்புகளே போதுமானவை.

மூலத்துக்கெனத் தனிக் கருவி வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 30 முதல் 120 வரையான அட்சர வேகத்துக்கு 630 முதல் 2,520 ஹேட்சு வரையான மீடிறன் தேவை. சிந்தசைசரின் எந்த ஒலி அலையாக்கியும் இதனைத் தரும். அதாவது, காதுக்குச் சுரமாகக் கேட்கும் ஒன்றை எண்ணிக் குறைத்தால் அது லயமாகின்றது. சுருதி மாதா, லயம் பிதா என்னும் வழக்கைக் கேட்டுப் பழகிய நமக்கு, இரண்டும் ஒரே அதிர்வின் வேறுபட்ட வேகங்கள் என்னும் பௌதிக உண்மையை இச்சுற்று கண்முன் காட்டுகின்றது. அலையாக்கியின் வோல்ற்றளவை மாற்றினால் ஐந்து நடைகளும் ஒருங்கே விரையும், அல்லது தாழும். ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்தி ஒன்றே இவையனைத்தையும் நிரலாற் செய்யவல்லது. எனினும் முதலிற் சுற்றாக அமைத்துப் பார்ப்போர், எண்ணிக்கையின் உட்கிடையைக் கையால் அறிகின்றனர்.

5. ஒரே இணைப்பு, இரு மரபுகள்

கண்டிய முழவு மரபில் காலம் தித என்னும் அலகுகளால் அளக்கப்படுகின்றது. இசைக் கல்வியில் சுளு தித இரண்டு மாத்திரை, மெதும் தித மூன்று, மஹ தித நான்கு எனக் கற்பிக்கப்படுகின்றது. இவற்றைச் சேர்த்துத் தெதித வகைகள் உருவாகின்றன. இரண்டும் மூன்றும், இரண்டும் நான்கும், மூன்றும் நான்கும் அவ்வாறு இணைவன. சிறு கைத்தாளமான தாலம்பொட்ட இவற்றைக் காட்ட, கெட்டபெரய தனது சொற்கட்டுகளை வாசிக்கின்றது.

இனி 4017ஐ ஏழு வரை எண்ணுமாறு அமைத்து, அதன் 0ஆம், 3ஆம் வெளியீடுகளை இரு டயோட்டுகளால் ஒன்றுசேர்ப்போம். மூன்றும் நான்குமான அடிகள் பிறக்கின்றன. இது மிஸ்ர சாபுவின் அமைப்பு. மெதும்-மஹ தெதிதவின் அமைப்பும் இதுவே. ஐந்து வரை எண்ணி 0ஆம், 2ஆம் வெளியீடுகளைச் சேர்த்தால் கண்ட சாபுவும் சுளு-மெதும் தெதிதவும் கிடைக்கின்றன. ஒரே இணைப்பு இரு மரபுகளுக்கும் பொருந்துகின்றது.

இதைக் கொண்டு இரு இசைகளும் ஒன்றே எனக் கூறுவது பிழையாகும். எண் பொதுவானது, சொற்கட்டு, அழுத்தம், முழவின் ஓசை, வாசிக்கப்படும் சந்தர்ப்பம் ஆகியன வேறானவை. வழிபாட்டு வாசிப்புகள் சிலவற்றிற் சொற்கட்டே காலத்தை நீட்டியும் குறுக்கியும் செல்வதால், சமவளவான துடிப்புக்கு அவை முற்றிலும் அடங்குவதில்லை. வகுப்பியின் எல்லை அதுவே. எனினும் ஒரே நகரில் வாழ்ந்தும் ஒன்றையொன்று அறியாதிருக்கும் மரபுகளுக்கிடையே எண்ணிக்கை ஒரு பொதுத்தளத்தைக் காட்டுகின்றது. இனங்களுக்கிடையே பகைமையின் கசப்பை நீண்டகாலம் அனுபவித்த நாட்டில் இது சிறிய விடயமன்று.

6. எண்ணுபவர் யார்?

காலத்தைப் பகுக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பது சமூகவியல் சார்ந்த வினாவாகும். கைத்தொழில் முதலாளித்துவம் தொழிலாளரைக் கடிகாரத்துக்குப் பழக்கிய வரலாற்றை ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரை விளக்கிற்று. அவ்வரலாற்றின் நம்மவர் அத்தியாயம் கண்டி மலைகளில் நிகழ்ந்தது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தோட்டங்கள் பெருகின. அங்கே விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலி. சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கிலக் கவிதையில் மலையகத்தின் விடியலை அவ்வொலியுடனேயே தொடங்கினார். துரையின் கடிகாரம் காட்டிய நேரத்தைத் தொழிலாளியின் கை தப்பில் அறைந்து அறிவித்தது. அதே தப்பு காமன் கூத்திலும் அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் மக்களின் சொந்தக் காலத்தை எண்ணியது. ஒரே கருவி உழைப்பைக் கட்டுப்படுத்தவும் உயிர்ப்பை வெளிப்படுத்தவும் பயன்பட்டமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

தப்பறைந்தோர் சாதியடுக்கின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டனர். சிங்கள சமூகத்திற் பெரவா சாதியினருக்கும் நேர்ந்தது பெரிதும் இதுவே. காலத்தை மிக நுணுக்கமாக எண்ணத் தெரிந்தவர்களை இரு சமூகங்களும் இழிந்தோராகக் கருதின. அவர்களுடைய எண்ணிக்கை அறிவு பாடநூலேறுவதற்கும் நெடுங்காலம் சென்றது.

இதனால் வகுப்பியைத் திருத்தியமைப்போர் ஒரு பொறுப்பை ஏற்கின்றனர். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மோட்டாரால் இயங்கும் மணி-முரசுப் பொறிகள் பூசைவேளையில் ஒலிக்கின்றன. முழவர் நின்ற இடத்தில் மாறாத ஓர் அடி நிற்கின்றது. எண்ணிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, எண்ணியவர் விலக்கப்பட்டதற்கு இது உதாரணம். இலத்திரனியல் வகுப்பியும் அவ்வழியிற் செல்லக்கூடும். அவ்வாறு செல்லாதிருக்க வேண்டுமாயின், அது முழவரின் துணைக்கருவியாக அமைதல் வேண்டும். அவர் வேகத்தை மாற்றும்போது அது தொடரவும், அவர் முதலடியை அறையும்போது மீளமைக்கப்படவும் வேண்டும். 4017இன் 15ஆம் முனையை முழவில் ஒட்டிய ஒலியுணரியின் துடிப்புக்குத் திறந்துவிட்டால் இது இயலும். அப்போது ஆவர்த்தத்தின் தொடக்கத்தைத் தீர்மானிப்பவர் மனிதராவார்.

பேராதனையில் பொறியியற் பீடமும் கலைப் பீடமும் ஒரே வளாகத்தில் உள்ளன. கண்டியிலும் தோட்டங்களிலும் முழவர் வாழ்கின்றனர். இலத்திரனியல் பயிலும் மாணவர் அவர்களிடம் சென்று, எந்த அடியில் எந்த எண் விழுகின்றது என்று கேட்டெழுதி, அவ்வெண்களுக்கேற்பச் சுற்றுகளை அமைத்து, அவர்கள் பெயருடனேயே வரைபடங்களைப் பொதுவில் வைப்பாராயின், அது இசையாய்வுக்கும் சமூகநீதிக்கும் ஒருங்கே உதவும். வேண்டிய பொருள்கள் சில, செலவும் சிறிது. முதலிற் செய்ய வேண்டியது முழவரிடம் சென்று எண்ணக் கற்றுக்கொள்வதாகும்.